டயர் சென்சாரை மாற்றலாமா, விட்டுவிடலாமா? டர்பனில் ஒரு கடையும் என் முடிவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயருக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளந்து டேஷ்போர்டுக்குச் சொல்கிற டயர் பிரஷர் சென்சார்கள் நான்கையும் என் வண்டியில் மாற்றிவிட்டேன், மாற்றியதில் முழுத் திருப்தி. அதற்காக எல்லோரும் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அது வீண் செலவு. கோயிலில், கல்யாண வீட்டில் என்று போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் "அந்த மஞ்சள் விளக்கு எரியுதே, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மெரிபேங்க் பகுதியில். கடல் பக்கம், உப்புக் காற்று. வண்டி 2016 மாடல் கொரிய எஸ்யூவி. மகள் ஜோஹன்னஸ்பர்கில் படிக்கிறாள் என்பதால் என்3 நெடுஞ்சாலை எங்களுக்கு வாடிக்கை. ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாய் ஏற்றம், வரிசை வரிசையாக லாரிகள், மூயி ரிவர் பக்கம் திடீரென்று இறங்கும் மூடுபனி. அந்த ரோட்டில் ராத்திரி நேரம் ஓரங்கட்டி நின்று டயர் மாற்ற எனக்கு விருப்பமில்லை. என் முடிவுக்கு முதல் காரணம் இதுதான். தினமும் டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வர்த்துக்கும் டவுனுக்கும் மட்டும் போய்வருகிறவராக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

விளக்கு இரண்டு விதமாகப் பேசும். குதிரை லாடம் மாதிரி வளைவும் நடுவில் ஆச்சரியக்குறியும் இருக்கிற அந்த விளக்கு அணையாமல் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். வண்டியை எடுத்ததும் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் மின்னி மின்னி, அப்புறம் நிலையாக நின்றால் காற்றில் குறை இல்லை, கண்காணிக்கிற அமைப்பிலேயே கோளாறு. ரொம்பப் பேர் இந்த வித்தியாசம் தெரியாமல் மின்னுகிற விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். காற்று கூடிப்போய் டயரின் நடுப்பட்டைதான் தேயும்.

என் வண்டியில் மின்னத் தொடங்கியது ஜோஹன்னஸ்பர்கில், ஜூலை மாதக் காலைக் குளிரில். மதியம் வெயில் ஏறியதும் தானாக அணைந்தது. டர்பன் திரும்பியதும் சத்தமே இல்லை. அடுத்த முறை மேலே ஜோஹன்னஸ்பர்க் போனபோது மறுபடியும் அதே கதை. பேட்டரி சாகப்போகிற சென்சாரின் அடையாளம் இதுதான். உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி வயதாகிவிட்டால் குளிரில் அதன் வோல்ட்டேஜ் இறங்கிவிடும், சிக்னல் விட்டுவிட்டு வரும். பொதுவாக இந்த பேட்டரிகள் ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை உழைக்கும். என்னுடையது அந்தக் கணக்குக்குள் நன்றாகவே உழைத்துவிட்டது.

"பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பேட்டரியோடு சேர்த்து உள்ளே இருப்பதையெல்லாம் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். ஈரமும் அதிர்வும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. வெட்டித் திறந்து புது பேட்டரியைப் பற்றவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் அதைச் செய்ய விடமாட்டேன். 120 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றும்போது ரிம்மில் ஒட்டியிருக்கிற அந்த முப்பது கிராம் பொருளின் மேல் விழும் விசை நான்கைந்து கிலோ எடைக்குச் சமம். அவ்வளவு இழுப்பைக் கையால் ஒட்டிய ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

டீலரிடம் முதலில் கேட்டேன். பெயர் வேண்டாம். நான்கு சென்சார், புரோகிராம் செய்யும் கூலி, டயரைக் கழற்றி மாட்டுகிற கூலி, சக்கரத்தின் எடையைச் சமன் செய்கிற பேலன்சிங் என்று தனித்தனி வரியாக ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள். நல்ல பிராண்டில் இரண்டு புது டயர் வாங்குகிற தொகையைத் தாண்டியது. எந்தச் சென்சார் செத்தது, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். சோதிக்காமலே "எல்லாமே ஒரே வயசு, எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார்கள். கடைசியில் நானும் நான்கையும்தான் மாற்றினேன் என்பது உண்மை. ஆனால் சோதித்துக் காட்டிவிட்டுச் சொல்வதும் சோதிக்காமல் சொல்வதும் ஒன்றாகாது. பணம் கொடுக்கிறவருக்கு எது கெட்டது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

நான் போன கடை சாட்ஸ்வர்த்தில், பங்களாதேஷ் மார்க்கெட்டிலிருந்து கொஞ்ச தூரம். பெரிய கம்பெனிக் கிளை கிடையாது, ஒரு குடும்பம் நடத்துகிற ஃபிட்மென்ட் சென்டர், அதாவது டயர் மாட்டுகிற கடை. அண்ணன் ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார், அவருடைய மகன் பேலன்சிங் மெஷினில். டயர் கழற்றுகிற வேலைக்கு ஒரு சூலு இளைஞர். நான் அவரை "பூட்டி" என்றுதான் கூப்பிட்டேன், அவர்கள் மொழியில் சகோதரன் என்று அர்த்தம். அண்ணனுக்குத் தமிழ் புரிகிறது, பேச்சில் பாதி ஆங்கிலம். "வாம்மா, உட்காரு, டீ குடிக்கிறியா?" என்று தொடங்கியவர் நேராக ஸ்பேனரை எடுக்கவில்லை. செங்கல் அளவில் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

அந்தக் கருவியை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் ஓரமாகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துகிறார். நிற்கிற வண்டியில் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும், கருவி அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்ததும் அதன் அடையாள எண், காற்றழுத்தம், உள்ளே இருக்கிற வெப்பம், பேட்டரி நிலை எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. முன் இடது சரி. முன் வலது சரி, ஆனால் பேட்டரி குறைவு. பின் வலதும் பேட்டரி குறைவு. பின் இடதில் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தும் பதிலே இல்லை. ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிக் காட்டினார். "இது ஒண்ணுதான் செத்துப்போச்சு. ரெண்டு இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது. ஒண்ணு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நீ சொல்லு, என்ன செய்யலாம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவேன்.

முடிவெடுக்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது சென்சாரின் விலை அல்ல, டயரின் நிலை. சென்சார் டயருக்கு உள்ளே, வால்வின் அடியில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் டயரை ரிம்மிலிருந்து விலக்க வேண்டும், திருப்பி மாட்ட வேண்டும், பேலன்ஸ் செய்ய வேண்டும். புது டயர் போடும்போது இதே வேலை எப்படியும் நடக்கும், அதற்குக் கூலியும் கொடுப்போம். என் டயர்களில் பள்ளத்தின் ஆழம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் மிச்சம். இந்த நாட்டுச் சட்டத்தில் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் டர்பன் கோடை மழையில் ஒரு மில்லிமீட்டரை நம்பி யாரும் ஓட்டக் கூடாது. மழைக்கு முன் டயர் மாற்றுவதாகவே இருந்தோம். அப்படியிருக்க, செத்த ஒன்றை மட்டும் இப்போது மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து அடுத்ததற்காகப் புது டயரை மறுபடி கழற்றுவதில் அர்த்தமில்லை. நான்கு டயரும் நான்கு சென்சாரும் ஒரே நாளில் என்று சொன்னேன்.

இதையே திருப்பிப் பார்க்கலாம். டயர் பாதிகூடத் தேயவில்லை, செத்தது ஒரே சென்சார் என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அல்லது டயர் மாற்றும் நாள் வரை விட்டுவிட்டு, மாதம் இருமுறை காற்றழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் பெட்ரோல் போடுகிற கராஜில் ஆள் வந்து நிற்கிறார், கேட்டால் டயரையும் பார்த்துக் கொடுக்கிறார். கையில் சில்லறை வைத்து நன்றி சொன்னால் போதும். ஆனால் அந்த ஹோஸ் கேஜுகள் எல்லாம் சரியாகக் காட்டும் என்று நம்பாதீர்கள். சொந்தமாக ஒரு கேஜ் வண்டியில் இருக்கட்டும்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிட ஏறக்குறைய 0.18 பார் குறைவு (பார் என்பது காற்றழுத்தத்தை அளக்கிற அலகு). டயருக்குள் அடைபட்ட காற்று அப்படியே இருக்கிறது, வெளியே இருந்து அழுத்துவது குறைகிறது. அதனால் டர்பனில் 2.3 அடித்துக்கொண்டு போனால், வெப்பம் மாறாத பட்சத்தில், மேலே கை கேஜ் 2.5 பக்கம் காட்டும். அதே மாதிரி மேலே வெயில் நேரத்தில் 2.3 அடித்துக்கொண்டு கீழே இறங்கினால் டர்பனில் 2.1 தான். ஒரு சொட்டுக் காற்றும் வெளியேறவில்லை, பஞ்சரும் இல்லை.

இதோடு குளிரும் சேர்கிறது. பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். டர்பனின் இருபது டிகிரியிலிருந்து ஜோஹன்னஸ்பர்கின் குளிர்காலக் காலைக்குப் போனால் உயரம் கூட்டியதைக் குளிர் குறைத்துவிடும், கேஜ் பழைய எண்ணுக்கே வந்து நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை. அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துத்தான் வண்டி நமக்கு எண் காட்டுகிறது. சில வண்டிகள் எங்கே போனாலும் கடல் மட்டத்துக் கணக்கையே கழிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஜோஹன்னஸ்பர்கில் டேஷ்போர்டு ஒரு எண்ணும் கை கேஜ் அதைவிடக் கூடுதலாக ஒரு எண்ணும் காட்டும். நான்கு டயரும் ஒரே அளவு வித்தியாசம் காட்டினால் சென்சார்மேல் பழி போடாதீர்கள். ஒரு டயர் மட்டும் தனியாக விலகினால்தான் சந்தேகப்பட வேண்டும். இதை என்னிடம் எந்த டீலரும் சொன்னதில்லை, மேலும் கீழும் போகிற நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, கழற்றிய கதைக்கு வருகிறேன். பழைய சென்சார்கள் அலுமினிய வால்வு வகை, வெளியே ஒரு நட் போட்டு ரிம்மோடு இறுக்கியிருக்கும். பூட்டி முதல் வால்வு மூடியைத் திருகியபோது அது சுலபமாக வந்துவிட்டது. பின் இடதில் வரவில்லை. எண்ணெய் தெளித்து, காத்திருந்து, மறுபடி பிடித்தார். வால்வே முறிந்து மூடியோடு கையில் வந்தது. முறிந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. அந்தச் சக்கரத்தில் மட்டும் யாரோ எப்போதோ பித்தளை மூடி போட்டிருக்கிறார்கள். பித்தளையும் அலுமினியமும் ஒட்டி இருக்கும்போது நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். மற்ற மூன்றிலும் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் மூடி, மூன்றுமே நல்ல நிலையில். கடல் பக்கம் இருக்கிறவர்கள், ப்ளஃப், மெரிபேங்க், அமன்சிம்டோட்டி எங்கே இருந்தாலும், இன்றைக்கே நான்கு மூடியையும் போய்ப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் பளபளக்கிற உலோக மூடி இருந்தால் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் போடுங்கள். செலவே இல்லாத காரியம். அது முன் டயராக இருந்து, என்3-யில் போகும்போது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

புதிதாகப் போட்டது ஆட்டெல் கம்பெனியின் எம்எக்ஸ் சென்சார். வண்டிக் கம்பெனியுடையது அல்ல. எந்த வண்டிக்கும் ஏற்றபடி புரோகிராம் செய்துகொள்கிற வகை. 315, 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும். இங்கே ஓடுகிற பெரும்பாலான வண்டிகளுக்கு 433. இதில் எனக்குப் பிடித்தது, பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் நகலெடுக்க முடிவது. வண்டியின் கம்ப்யூட்டருக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது, பழைய ஆள்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்ளும். உயிரோடு இருந்த மூன்றின் எண்ணையும் கருவியே படித்துக்கொண்டது. செத்ததன் எண் அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. மகன் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அண்ணன் கருவியில் தட்டினார். பிறகு இடம் மாற்றி அண்ணன் வாசிக்க, மகன் திரையைச் சரிபார்த்தான். இந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விலையைப் பொறுத்தவரை, டீலர் சென்சாருக்குக் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. மாட்டும் கூலி டயர் கணக்கிலேயே அடங்கிவிட்டது. வால்வு எது வேண்டும் என்றும் கேட்டார்கள், உலோகமா ரப்பரா என்று. உப்புக் காற்றை நினைத்து நான் ரப்பர் வால்வு எடுத்துக்கொண்டேன். ரப்பரில் அரிப்புப் பிரச்சினை குறைவு. ஆனால் வண்டியின் வேகத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் பொருந்துமா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிவேக வண்டிகளுக்கும் பக்கி என்கிற கனமான பிக்அப் வண்டிகளுக்கும் உலோக வால்வுதான் நல்லது என்றார் அண்ணன். உலோகம் எடுத்தால் ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் அதன் ரப்பர் வளையம், நட், வால்வு பின், மூடி நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான், அதை மிச்சம் பிடித்தால் மெதுவாகக் காற்று இறங்கும்.

காற்று அடித்து முடித்ததும் அண்ணன் மறுபடி கருவியோடு ஒரு சுற்று வந்தார். நான்கும் பேசின, பேட்டரி நான்கிலும் சரி. வீட்டுக்கு வரும் வழியிலேயே டேஷ்போர்டில் எண்கள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒரு முழுக் குளிர்காலம் மேலே போய்வந்தாகிவிட்டது, விளக்கு ஒரு முறைகூட மின்னவில்லை. என்3-யில் எஸ்ட்கோர்ட் பக்கம் ஒரு தடவை நிலையாக எரிந்தது. பின் வலது டயர் மட்டும் 1.8, மற்ற மூன்றும் 2.4. எந்த டயர் என்று தெரிந்ததால் பதறாமல் வேகத்தைக் குறைத்து, பக்கத்துக் கராஜ் வரை போய், வெளிச்சத்தில் ஆட்கள் நடுவே நிறுத்திப் பார்த்தோம். ஒரு திருகாணி ஏறியிருந்தது. நான் சென்சாருக்குக் கொடுத்த பணம் அந்த இடத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

மூடிக்குப் பதிலாக வெளியே திருகி வைக்கிற சென்சார் செட்டையும் வாங்கிப் பார்த்தேன். சூரிய ஒளியில் ஓடுகிற சின்னத் திரையோடு வரும். மலிவு, டயரைக் கழற்ற வேண்டாம், பேட்டரியை நாமே மாற்றலாம். ஆனால் அது வால்வு பின்னை எப்போதும் அமுக்கித் திறந்தே வைத்திருக்கிறது. காற்றை அடைத்து நிற்பது அந்தச் சென்சாருக்குள் இருக்கிற சின்ன ரப்பர் வளையம் மட்டும்தான், அது பழுதானால் காவலே ஓட்டையாகிவிடும். காற்று அடிக்கும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும், வெளியே இருப்பதால் காணாமலும் போகும். காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ரெய்லருக்கும் கேரவனுக்கும் நல்ல யோசனை. அவற்றில் டயர் உட்கார்ந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் செட் இப்போது மைத்துனரின் வென்டர் கம்பெனி ட்ரெய்லரில் நன்றாக வேலை செய்கிறது.

கடைசியாக, உங்கள் வண்டியில் சென்சார் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் டயருக்குள் எதுவுமே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் அமைப்பு, சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்து, காற்று குறைந்த டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கிறது. அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. காற்றைச் சரிசெய்துவிட்டு மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் செய்தால் போதும். டேஷ்போர்டு ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் காட்டினால் உள்ளே சென்சார் இருக்கிறது. காட்டாவிட்டால் கையேட்டைப் பாருங்கள்.

கடைக்கு போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கழற்றுவதற்கு முன் சோதித்துக் காட்டுவீர்களா, பழைய எண்ணை நகலெடுப்பீர்களா, மாட்டிய பிறகு மறுபடி சோதிப்பீர்களா. இந்த அண்ணன் மூன்றுக்கும் ஆமாம் என்றார், மூன்றையும் செய்தார். சனிக்கிழமை போனால் காலையிலேயே போய்விடுங்கள், மார்க்கெட் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.